பனிக்கோட்டின் இருபுறமும்

சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 விழுக்காட்டுக்கு மேல் சூரியனிடமே இருக்கிறது. எஞ்சிய சொற்பத்திலும் பெரும்பங்கு வியாழனுக்குப் போக, மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டவையே மற்ற ஏழு கோள்களும், நூற்றுக்கணக்கான நிலவுகளும், லட்சக்கணக்கான சிறுகோள்களும், வால்வெள்ளிகளும். இவற்றின் விட்டத்தையும் சுற்றுக்காலத்தையும் பட்டியலிடுவது எளிது. ஒரு கோள் ஏன் பாறையாகவும் இன்னொன்று ஏன் வாயுவாகவும் ஆனது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. கோள்கள் உருவான காலத்தில் எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் இருந்தது என்பதே அதற்கு முதன்மையான விடை. உட்கோள்கள், சிறுகோள்கள், பெருங்கோள்கள், வெளிவிளிம்பு என்று சூரியக் குடும்பத்தைப் பிரித்துப் பார்ப்பதும் அந்த அடிப்படையிலேயே.

1969இல் மெக்சிகோவின் அயெண்டே பகுதியில் விழுந்த விண்கல்லை அறுத்துப் பார்த்தால், கருஞ்சாம்பல் நிறத்தின் நடுவே வெண்ணிறப் புள்ளிகள் தென்படும். கால்சியமும் அலுமினியமும் செறிந்த அத்தகைய துகள்களே சூரியக் குடும்பத்தில் காலம் கணிக்கப்பட்ட மிகப் பழைய திடப்பொருள்கள். அவற்றின் வயது சுமார் 457 கோடி ஆண்டுகள். அப்போது இளஞ்சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த வட்டு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதன் உட்பகுதியில் உலோகமும் சிலிக்கேட்டும் மட்டுமே திடமாக நிற்க முடிந்தது. சூரியனிலிருந்து புவி இருக்கும் தொலைவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தள்ளி, நீராவி நேரடியாகப் பனிக்கட்டியாக உறையும் எல்லை இருந்தது. அதுவே பனிக்கோடு.

கோட்டுக்கு உட்புறம் கட்டுமானப் பொருள் குறைவு. அதனால் அங்கே உருவான நான்கு கோள்களும் சிறியவை, அடர்த்தியானவை. புதனின் ஆரத்தில் சுமார் 85 விழுக்காட்டை அதன் இரும்புக் கருவே அடைத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளி பருமனில் புவிக்கு மிக நெருங்கியது. ஆனால் அதன் வளிமண்டலத்தில் 96 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, தரையில் வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ், அழுத்தம் புவியைப்போல 90 மடங்கு. புவியிலும் ஏறத்தாழ அதே அளவு கார்பன் உண்டு. இங்கே கடல் இருந்ததால் அதில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையாகப் படிந்துவிட்டது. புவியின் நிறையில் பத்தில் ஒரு பங்கே உள்ள செவ்வாய் விரைவில் குளிர்ந்து, காந்தப்புலத்தை இழந்து, காற்றின் பெரும்பகுதியையும் இழந்தது. ஆறுகள் ஓடிய தடங்கள் மட்டும் அங்கே எஞ்சியிருக்கின்றன.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையில் பனிக்கோட்டின் இருபுறத்து உலகங்களும் கலந்து கிடக்கின்றன. வெஸ்டா உருகி, இரும்புக் கருவும் எரிமலைப் பாறை மேலோடுமாகப் பிரிந்த உலர்ந்த பொருள். அதற்குச் சற்றே அப்பால், 1801 ஜனவரி 1 அன்று பியாட்சி கண்டறிந்த செரிஸ், நீர்ப்பனியைப் பெருமளவில் கொண்டது. அதன் ஒக்கேட்டர் பள்ளத்தில் பளிச்சிடும் திட்டுகள், உள்ளிருந்து கசிந்த உப்புநீர் வற்றி எஞ்சிய சோடியம் கார்பனேட் என்பதை டான் விண்கலம் காட்டியது. இத்துறையில் சென்னைக்கும் பங்குண்டு. 1861இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டறிந்த சிறுகோள், ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் ‘ஆசியா’ என்றே பெயர் பெற்றது. 1866இல் அவர் கண்ட சில்வியா என்ற சிறுகோளை இரு நிலவுகள் சுற்றுவது 2005இல் அறிவிக்கப்பட்டது.

கோட்டுக்கு அப்பால் பாறையோடு பனியும் சேர்ந்ததால் கருக்கள் விரைந்து பருத்தன. வட்டின் வாயு கலைவதற்குள் வியாழனும் சனியும் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் பெருமளவில் இழுத்துக்கொண்டன. வியாழனின் நிறை புவியைப்போல 318 மடங்கு. யுரேனசும் நெப்டியூனும் மெதுவாக வளர்ந்ததால் அவற்றுக்குக் கிடைத்த வாயு குறைவு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடந்து சென்றபோது, கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த விண்மீனின் ஒளி சில கணங்கள் மங்கியது. வானூர்தியிலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழுவோடு, தமிழ்நாட்டின் காவலூரிலும் இது பதிவானது. யுரேனசின் வளையங்கள் இவ்வாறே வெளிப்பட்டன.

பெருங்கோள்களின் நிலவுகளும் பெரும்பாலும் பனியால் ஆனவை. 2005 ஜனவரி 14 அன்று டைட்டன் நிலவில் இறங்கிய ஹைகன்ஸ் கலம் அனுப்பிய படத்தில் உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள் தெரிந்தன. அவை நீர்ப்பனிக் கற்கள். அவற்றை உருட்டியது ஓடிய திரவ மீத்தேன். சுமார் 500 கிலோமீட்டர் விட்டமே கொண்ட என்செலடசோ தன் தென்முனைப் பிளவுகள் வழியே உட்கடல் நீரைப் பீய்ச்சுகிறது.

நெப்டியூனுக்கு அப்பால் கைப்பர் பட்டை. புளூட்டோ 1930இல் கண்டறியப்பட்டாலும், அந்தப் பட்டையின் அடுத்த உறுப்பினர் 1992இல்தான் தென்பட்டது. புளூட்டோவை ஒத்த பருமனுடைய ஏரிஸ் 2005இல் அறிவிக்கப்பட்டதும் வகைப்பாடு சிக்கலானது; 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கியது. நெப்டியூன் மூன்று முறை சூரியனைச் சுற்றும் காலத்தில் புளூட்டோ இரண்டு முறை சுற்றுகிறது. நெப்டியூன் வெளிநோக்கி நகர்ந்தபோது புளூட்டோவை இந்த ஒழுங்கில் பிடித்துக்கொண்டது என்று ரேணு மல்ஹோத்ரா 1993இல் விளக்கினார். ஆகவே இன்று காணும் தொலைவு ஒவ்வொன்றும் பிறந்த இடத்தின் தொலைவாக இருக்க வேண்டியதில்லை.

பனிக்கோட்டுக்கு உட்புறம் உருவான புவிக்கு நீர் எப்படி வந்தது என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தது. 67பி வால்வெள்ளியின் நீராவியில் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தின் விகிதம் புவிக்கடல்களில் உள்ளதைப்போல சுமார் மூன்று மடங்கு என்று ரொசெட்டா விண்கலம் அளந்ததால், அத்தகைய வால்வெள்ளிகளை முதன்மை மூலமாகக் கொள்வது கடினமானது. கார்பன் மிகுந்த விண்கற்களின் விகிதம் புவியோடு நெருங்கி நிற்கிறது. உட்பகுதிப் பாறைகளிலேயே போதிய ஹைட்ரஜன் இருந்தது என்ற கருத்தும் வலுப்பெற்று வருகிறது. ரியூகு என்ற சிறுகோளிலிருந்து 2020இலும் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023இலும் கொண்டுவரப்பட்ட மாதிரிகள் இந்த விவாதத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்துள்ளன; பென்னுவின் துகள்களில் அமினோ அமிலங்களும் உப்புநீர் வற்றிய படிவுகளும் உள்ளன. மறுபுறம், யுரேனசையும் நெப்டியூனையும் அருகில் சென்று பார்த்த விண்கலம் வாயேஜர் 2 ஒன்றே. 1986இலும் 1989இலும் அது கடந்துபோகையில் எடுத்த அளவீடுகளோடு, அவற்றின் உட்கூறு பற்றிய நேரடிச் சான்று நின்றுவிடுகிறது.