கல் இருக்கும்போதே பெயரைக் குறித்துக்கொள்வோம்

(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், இந்த இதழை பெங்களூரிலோ திருப்பூரிலோ இருந்து கைப்பேசியில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம் தருமபுரிதான். 68.54 சதவீதம். மாநிலம் முழுவதற்கும் 80. இப்படிப்பட்ட மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊருக்கு அரசு உயர்நிலைப் பள்ளி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்குப் போனவர் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கதை பெரும்பாலும் அரசுப் பள்ளியில்தான் தொடங்கும்.

அந்தக் கதையை எழுதிவைத்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

வயதானவர்கள் பழைய உயர்நிலைப் பள்ளிகளை இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்பார்கள். பேரப்பிள்ளைகள் பெயர்ப் பலகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஜில்லா போர்டு. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அதன் பொறுப்பில் இருந்த காலம் ஒன்று உண்டு. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் மாவட்டம் என்பதால், இந்தப் பக்கத்துப் பழைய கோப்புகளைத் தேடுகிறவர்கள் தருமபுரியோடு நின்றுவிடாமல் சேலத்துக்கும் போக வேண்டும்.

அதே பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூரைப் பாருங்கள். ராஜாஜி படித்தது அங்கே, இன்றைய ஆர்.வி. அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில். 1878இல் தொரப்பள்ளியில் பிறந்தவர். ஓசூர் பள்ளி என்றாலே அவர் பெயரைச் சொல்கிறோம், சரிதான். ஆனால் அவரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யார், பாடம் நடத்திய வாத்தியார் யார்? ஒரு பெரிய பெயர் கிடைத்துவிட்டால் மற்றவர்களைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். நம் ஊருக்கு அப்படி ஒரு பெரிய பெயர் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, அதுவும் ஒரு வசதிதான். எல்லோரையும் தேடலாம்.

எங்கே தேடுவது? சுவரில் தேடலாம். காமராஜர் ஆட்சியில், 1958 முதல், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். அரசுப் பணத்தை மட்டும் நம்பாமல் ஊராரிடமே கேட்டார்கள். ஒருவர் பெஞ்சு கொடுத்தார், ஒருவர் சுவர்க்கடிகாரம், ஒருவர் தேசப்படம். வசதியுள்ளவர்கள் நிலமும் வகுப்பறையும் கொடுத்தார்கள். ஆரம்பப் பள்ளி மதிய உணவிலும் தொடக்கத்தில் ஊரார் பங்கு இருந்தது. கொடுத்தவர் பெயரை வாசலுக்கு மேல் ஒரு கல்லில் வெட்டிப் பதிப்பது அந்தக் காலத்து வழக்கம். பீரோ கதவில் வெள்ளை பெயின்டில் எழுதுவதும் உண்டு. இன்னார் உபயம் என்று கோயில் குத்துவிளக்கில் இருப்பது போலத்தான்.

இப்போது அந்தக் கட்டடங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடித்தது நியாயம், பிள்ளைகள் உயிரைவிடப் பழைய சுவர் பெரிதல்ல. ஆனால் ஜேசிபி வருவதற்கு முதல் நாள் அந்தக் கல்லைப் பெயர்த்து வைக்கவோ, குறைந்தபட்சம் ஒரு போட்டோ எடுக்கவோ எத்தனை ஊரில் ஆள் இருந்தது?

சுவரில் இல்லாத வழக்கங்களும் இருக்கின்றன. காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி. அந்த உறுதிமொழியை 1962இல் முதலில் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டுப் பள்ளியில் அதைத் தமிழில் சொன்ன பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன் அடுத்த படிப்பு பி.யூ.சி. அதற்குக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். போக முடியாமல் பதினோராம் வகுப்போடு நின்றவர்கள் கதையும் பள்ளியின் வரலாறுதான். குறிப்பாகப் பெண்கள். அவர்களை யாரும் கேட்டதே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்குள் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வகுப்பு குரூப் போட்டோ, பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆண்டு விழா நோட்டீஸ் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு உங்கள் கண் முன்னாலேயே திருப்பித் தந்துவிடுவோம். போட்டோவில் இருப்பவர்களின் பெயரைத் தெரிந்தவரை வைத்துப் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும் நாம் கை வைக்கப் போவதில்லை. அதில் சாதி, பிறந்த தேதி எல்லாம் இருக்கும், இணையத்தில் போடும் பொருள் அல்ல அது. கல்வெட்டுகளையும் பீரோ எழுத்துகளையும் படம் எடுக்கத் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்போம். 2024இல் மாற்றி அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. அவர்கள் வழியாகவும் பேசலாம்.

எண்பது வயதைத் தாண்டிய முன்னாள் மாணவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் முதலில் அவர்கள் பெயரைக் கொடுங்கள். நானே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.