வெற்றுக் கட்டமும் தரவுதான்

(ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



1916 மே 9. கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசிக்கிறார். சாதியின் தோற்றத்தைச் சொல்லும் கோட்பாடாகத்தான் அதைப் படித்திருப்போம். ஒருமுறை இலக்கிய மீளாய்வாகப் படித்துப் பாருங்கள். செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் ஆகிய நால்வரின் வரையறைகளை முதலில் அடுக்குகிறார். அத்தோடு நிறுத்தியிருந்தால், நாம் ஆய்வேட்டில் எழுதும் வழக்கமான இரண்டாம் அத்தியாயமாக முடிந்திருக்கும்: இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார். அவரோ ஆட்களை விட்டுவிட்டுக் கூறுகளைப் பிடிக்கிறார். தீட்டு, சேர்ந்து உண்ணாமை, கலப்புமண மறுப்பு, பிறப்பால் மட்டுமே உறுப்பினராதல். ஒவ்வொன்றையும் சோதிக்கிறார். கேத்கர் இரண்டாகச் சொன்ன கடைசிக் கூறுகள் உண்மையில் ஒன்றே என்று காட்டி, அகமணத்தில் வந்து நிற்கிறார்.

வரிசையில் ஆய்வுகள், நெடுவரிசையில் கேள்விகள். சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில் தரவுகளை அடுக்குவதும் இதேதான். எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எத்தனையை எதற்காக நீக்கினோம் என்று கணக்குக் காட்ட 'பிரிஸ்மா' வரைபடம் இருக்கிறது. அதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். நெடுவரிசைக்கு என்ன தலைப்பு வைப்பது என்பதில்தான் சிக்கல்.

கழிவுநீர்த் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிய ஆய்வுகளைத் தொகுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நலவாழ்வு ஆய்வுகளில் ஏற்றத்தாழ்வைக் கவனிக்க 'புரோக்ரஸ்-பிளஸ்' என்றொரு பட்டியலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். வாழிடம், இனம், தொழில், பாலினம், மதம், கல்வி எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. சாதிக்கென்று தனி இடம் கிடையாது. இனம், பண்பாடு, மொழி என்ற தலைப்புக்குள் அதை நாம்தான் திணிக்க வேண்டும். திணிக்காதீர்கள், தனி நெடுவரிசை போடுங்கள். அதில் மூன்று குறிகள் போதும்: சாதியைக் கேட்கவே இல்லை, கேட்டார்கள், முடிவுகளைப் பிரித்துக் காட்டவில்லை, பிரித்துக் காட்டினார்கள். கட்டத்தை வெறுமையாக மட்டும் விடாதீர்கள். கட்டுரையில் இல்லையா, நாம் பார்க்க மறந்தோமா என்று ஆறு மாதம் கழித்து நமக்கே தெரியாது. இந்த மூன்று குறிகளின் எண்ணிக்கையை முடிவுகள் பகுதியில் முதல் அட்டவணையாகவே கொடுங்கள்.

இன்னொன்று, சொற்கள். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு, கையால் மலம் அள்ளும் பணியால் எந்த மரணமும் பதிவாகவில்லை என்று மாநிலங்களவையில் சொன்னது. சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர்கள்? அவர்கள் 'அபாயகரமான துப்புரவு' என்ற வேறு தலைப்பில் இருந்தார்கள். 2013 சட்டம் இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. அந்த இடைவெளிக்குள் பிணங்கள் மறைந்துபோயின. ஆகவே, ஆய்வாளர் பயன்படுத்திய சொல்லுக்கு ஒரு நெடுவரிசை, அந்த ஆள் உண்மையில் செய்த வேலைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கினால் நீங்களும் அதே பதிலைத்தான் எழுதுவீர்கள்.

சாதிப் பெயரிலும் அப்படியே. கட்டுரை 'அருந்ததியர்' என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், 'பட்டியல் சாதி' என்ற தொகுப்பு அடுத்த கட்டத்தில் வரட்டும். தனியாக இருப்பதை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், சேர்த்துவிட்டதைப் பிரிக்க முடியாது. (எக்செல் வராது என்று சிலர் தயங்குகிறீர்கள். கோடு போட்ட நோட்டே போதும்.)

சாதியைக் கேட்காத ஆய்வைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் நுரையீரல் அளவீடு சரியாக இருக்கலாம். அதை அந்தக் கட்டத்தில் மதித்து எழுதுங்கள். நம் அரசியலுக்கு ஒத்துவரும் கட்டுரை என்பதற்காக அதன் மாதிரி அளவு சிறியது என்பதை மறைக்கவும் கூடாது. தரத்துக்கும் ஒரு நெடுவரிசை உண்டு, அது எல்லோருக்கும் ஒன்றுதான்.

படிவங்கள் பின்மேசையில் இருக்கின்றன. இருவர் இருவராகப் பிரிந்து, ஒரே கட்டுரையைத் தனித்தனியாகப் படித்து நிரப்புங்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதுவதைப் பார்க்காதீர்கள். எந்தக் கட்டத்தில் இருவரும் வேறுபடுகிறீர்களோ, சாப்பாட்டுக்குப் பிறகு அங்கிருந்து பேசத் தொடங்குவோம்.