அனுப்பும் வகுப்பறை: கருத்தரங்கத் தலைமை உரை



பள்ளி வகுப்பறையை இணையவழியே வெளியுலகோடு இணைப்பது குறித்து இரண்டு நாள் பேசவிருக்கிறோம். வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துப் பார்த்தேன். இணைய வேகம், திறன்பலகை, கைக்கணினி, செயலி என்று கருவிகளைப் பற்றியவை நிறைய. அவை வேண்டியவைதாம். ஒன்றிய அரசின் யூடைஸ் என்னும் பள்ளிக் கணக்கெடுப்பின்படி 2023-24ஆம் கல்வியாண்டில் நாட்டிலுள்ள பள்ளிகளில் 53.9 சதவீதத்தில்தான் இணைய இணைப்பு இருந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பள்ளிகளுக்கு அப்போதும் இணைப்பே போய்ச் சேராதிருந்த நாட்டில் கம்பியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

என் உரை அதற்கு அடுத்த நாளைப் பற்றியது. இணைப்பு கொடுத்தாயிற்று, பணியாளர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை முதல் பாடவேளையில் அந்த வகுப்பு என்ன செய்யும்? திரையைப் போட்டுக் காணொலி பார்க்கும் என்பதுதான் விடை என்றால், நாம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருக்கிறோம், விலைதான் கூடிவிட்டது. ஒரு வகுப்பறை உலகோடு இணைந்திருக்கிறதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அங்கிருந்து வெளியே என்ன போயிற்று?

உள்ளே கொண்டுவரும் வேலையில் நமக்கு அரை நூற்றாண்டு அனுபவம் உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. உலகமே திரும்பிப் பார்த்த முயற்சி அது. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அதில் இருவழியாகப் பேசும் வசதியும் இருந்தது. ஆனாலும் பெருவாரியான பள்ளிகளுக்குக் கிடைத்தவை வாங்க மட்டுமே தெரிந்த முனையங்கள். 2019இல் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. மறு ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அது பட்ட பாட்டை நாம் அறிவோம். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒளிபரப்பின் இயல்பு அப்படி: ஓரிடத்தில் பேசுவார்கள், ஆயிரம் இடங்களில் கேட்பார்கள். இணையம் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தையே நாம் தொடர்ந்துகொண்டிருப்பதுதான் என் கவலை. திரும்பிப் பேச வழி இருந்தும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம்.

திரும்பிப் பேசிய வகுப்பறைகளுக்கு ஒரு மரபு உண்டு. அது இணையத்துக்கு மூத்தது. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடிபட்ட செலஸ்தேன் ஃபிரெனே, 1920களில் தென்கிழக்கு பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அவரால் நெடுநேரம் குரலெடுத்துப் பேச முடியாது. பிள்ளைகளை வெளியே அழைத்துப்போவார். பார்த்ததை அவர்களே எழுதுவார்கள். வகுப்பில் வைத்திருந்த சிறு அச்சுப்பொறியில் அவர்களே எழுத்துக் கோத்து அச்சிடுவார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரிட்டானியில் இருந்த ஒரு பள்ளிக்கு அஞ்சலில் போகும். அங்கிருந்து பதில் தாள்கள் வரும். யாரோ ஒருவர் உண்மையிலேயே படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் பிள்ளை எழுதும் வாக்கியம் வேறாகிறது என்று ஃபிரெனே கண்டார். மதிப்பெண்ணுக்கு எழுதும் கட்டுரையில் அது வராது.

1988இல், பனிப்போர் முடியாத காலத்தில், நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினிவழி இணைத்த முயற்சியிலிருந்து ஐ-ஏர்ன் என்னும் பன்னாட்டு ஆசிரியர் வலையமைப்பு வளர்ந்தது. 1995இல் செயல்படத் தொடங்கிய குளோப் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாணவர்கள் காற்றின் வெப்பநிலை, மழையளவு, மேகமூட்டம், மண்ணின் ஈரம் ஆகியவற்றை ஒரே முறைப்படி அளந்து பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறார்கள். செயற்கைக்கோள் மேலே கடக்கும் நேரத்தில் மேகத்தைப் பார்த்து அனுப்பினால், அதே மேகத்தை மேலிருந்து செயற்கைக்கோள் எப்படிப் பார்த்தது என்று நாசாவிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. நம் பக்கத்திலேயே சீசன்வாட்ச் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரந்தோறும் தளிர், பூ, காய் பார்த்துப் பதிவு செய்யும் திட்டம் அது. கேரளப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கு அதில் பெரிது. பள்ளிக்கு எதிரே நிற்கும் கொன்றை எந்த வாரத்தில் பூத்தது என்று எந்தச் செயற்கைக்கோளையும்விட நன்றாக அந்தப் பிள்ளைக்குத் தெரியும். உலகத்துக்குக் கொடுக்க அதனிடம் ஒன்று இருக்கிறது.

இப்போது ஒரே ஒரு செயல்பாட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டுப் புவியின் சுற்றளவைக் கணக்கிட்டார். பல நாடுகளில் பள்ளிகள் சம இரவு நாளன்று இதைச் சேர்ந்து செய்கின்றன. நம் ஊர்களை வைத்தே பார்ப்போம். சென்னையில் ஒரு பள்ளி, கன்னியாகுமரியில் ஒரு பள்ளி. மார்ச் 20 அல்லது 21. இரண்டு இடத்திலும் மைதானத்தில் ஒரு மீட்டர்க் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, 12 மணி முதல் சில நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் குறி வைக்கிறார்கள்.

முதல் வியப்பு நேரத்தில் வரும். நிழல் மிகக் குறுகும் கணம் சென்னையில் ஏறக்குறைய 12.16க்கு, கன்னியாகுமரியில் 12.27க்கு. ஒரே மாநிலம், ஒரே கடிகார நேரம், ஆனால் உச்சிவெயில் பதினொரு நிமிடம் தள்ளி வருகிறது. தீர்க்கக்கோடு என்று புவியியல் பாடத்தில் படித்தது அப்போதுதான் மைதானத்துக்கு இறங்கி வருகிறது.

அடுத்து நீளம். சென்னையில் நிழல் 23 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் 14. ஒன்பதாம் வகுப்பு முக்கோணவியல் போதும்: குச்சிக்கும் வெயிலுக்கும் இடையிலான கோணம் ஓரிடத்தில் 13 பாகை, மற்றோரிடத்தில் 8 பாகை. வேறுபாடு 5 பாகை. முழு வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. இனி இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை 72ஆல் பெருக்கினால் புவியின் சுற்றளவு வந்துவிட வேண்டும். பிள்ளைகள் உடனே எடுப்பது நெடுஞ்சாலைத் தூரம், சுமார் 700 கிலோமீட்டர். பெருக்கினால் 50,000க்கு மேல் வருகிறது. எங்கே தவறு? சாலை வளைந்து தென்மேற்காகப் போகிறது. நமக்கு வேண்டியது வடக்கு-தெற்குத் தூரம் மட்டும். வரைபடத்தில் அளந்தால் ஏறத்தாழ 555 கிலோமீட்டர். இப்போது விடை 40,000ஐ ஒட்டி வந்துவிடுகிறது. ஒரு பக்கம் குச்சி ஒரே ஒரு பாகை சாய்ந்து, வேறுபாடு 6 பாகை என்று கிடைத்திருந்தால் விடை 33,000 ஆகிப்போயிருக்கும். "உங்கள் குச்சி சாய்ந்திருக்கிறதா, எங்களுடையதா?" என்று இரண்டு வகுப்புகளும் வழக்காடத் தொடங்கும். அந்த வழக்குத்தான் அறிவியல். அதற்காகத்தான் இந்த இணைப்பு.

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டுகிறேன். தனித்து நிற்கும் ஒரு வகுப்பால் இந்தக் கணக்கைப் போட முடியாது. மற்றவர் அளவு கைக்கு வராமல் நம் அளவுக்கு மதிப்பே இல்லை. இரண்டாவது, மாநகரப் பள்ளியும் கடலோரச் சிற்றூர்ப் பள்ளியும் இங்கே சரிசமம்; ஒன்று கொடுக்க மற்றொன்று வாங்குவதாக அமையவில்லை. மூன்றாவது, கடந்துபோன இணையத் தரவு எவ்வளவு? இரண்டு எண்கள். ஒரு குறுஞ்செய்தியில் அடங்கும். அதிவேக இணைப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவின் பெரும் முக்கோணவியல் நில அளவை 1802இல் தொடங்கியதே சென்னைப் பரங்கிமலை அருகே போட்ட அடிக்கோட்டிலிருந்துதான். புவியை அளக்கும் வேலை நம் மண்ணுக்குப் புதியதல்ல.

இதே அளவீட்டை வெளிநாட்டுத் தமிழ் வகுப்புகளுக்கும் நீட்டலாம். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில் தமிழ் பள்ளிப் பாடம். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மொரீசியசிலும் தமிழ் கற்பிக்கிறார்கள். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் நிழல் 17 சென்டிமீட்டர், கோலாலம்பூரில் ஐந்தரை, சிங்கப்பூரில் இரண்டைச் சற்றுத் தாண்டும். மொரீசியசின் போர்ட் லூயியில் 37 சென்டிமீட்டர் நிழல், அதுவும் தெற்கு நோக்கி விழும். அந்தச் செய்தியைப் படிக்கும் நம் பிள்ளை, "நீங்கள் திசையை மாற்றி எழுதிவிட்டீர்கள்" என்று பதில் அனுப்பும். அங்கிருந்து வரும் விளக்கத்தைத் தமிழிலேயே படிக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடும், 2001இல் உருவான தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் தமிழை இணையத்தில் ஏற்றும் பணியைச் செய்தன. ஏற்றிய மொழியில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டும். நிழல் ஒரு நல்ல காரணம்.

ஆசிரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இணைப்பு வந்தால் ஆசிரியர் தேவை குறையும் என்று நினைப்போர் உருகுவே நாட்டைப் பார்க்க வேண்டும். 2007இல் தொடங்கிய சேய்பால் திட்டத்தில் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மடிக்கணினி கொடுத்த நாடு அது. ஆங்கிலம் கற்பிக்கப் போதிய ஆசிரியர்கள் இல்லை. 2012 முதல் பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து, தொலைவிலிருந்து காணொலிவழி ஆங்கில ஆசிரியர்களை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். அர்ஜென்டினாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும்கூடப் பாடம் வந்தது. வாரத்தில் ஒரு பாடம்தான் திரையில். மற்றப் பாடவேளைகளை, ஆங்கிலம் அதிகம் தெரியாத அந்த வகுப்பின் ஆசிரியரே நடத்தினார். பிள்ளைகளோடு சேர்ந்து தாமும் கற்றார். திரையில் தெரிந்தவருக்கு மொழி தெரியும். வகுப்பில் நின்றவருக்குப் பிள்ளைகளைத் தெரியும். இரண்டு பேரும் ஒவ்வொரு வாரமும் கலந்து பேசிப் பாடத்தைத் திட்டமிட்டார்கள். அந்தக் கலந்துபேசும் நேரத்துக்கும் திட்டத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நம் கால அட்டவணையில் அதற்கு எங்கே இடம்? வேற்று நாட்டுப் பள்ளியோடு தொடர்பு வைக்கும் ஆசிரியர் இன்றைக்கு அதைத் தம் சொந்தக் கைப்பேசியில், சொந்தப் பணத்தில், மாலை வீட்டு வேலைக்கு நடுவே செய்துகொண்டிருக்கிறார். ஆர்வத்தின் மேல் மட்டும் நிற்கும் திட்டம் அந்த ஆசிரியர் இடமாறுதல் பெற்றுப் போகும் நாளில் நின்றுவிடும்.

எச்சரிக்கையும் உண்டு. உலகத்துக்கு அனுப்பு என்று நான் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தை அனுப்பு என்று பொருளில்லை. பள்ளி நிகழ்ச்சி முடிந்த மறுநிமிடமே பெயர், வகுப்பு, சீருடையோடு படங்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. நிழல் கணக்குக்குப் பிள்ளையின் படம் வேண்டாம், பெயரும் வேண்டாம். பள்ளியின் அகலாங்கும் சென்டிமீட்டரும் போதும். நேரலையிலும் எச்சரிக்கை வேண்டும். சிங்கப்பூரில் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இருதரப்பையும் ஒரே பாடவேளையில் உட்காரவைக்க முயன்று களைப்பதைவிட, எழுதி அனுப்பிவிட்டு மறுநாள் பதிலைப் படிப்பது பல நேரம் மேல். காத்திருக்கும் ஓர் இரவில் பிள்ளை இன்னொரு கேள்வியை யோசித்துக்கொண்டு வரும்.

இந்த இரண்டு நாள் அமர்வுகளின் முன் மூன்று பணிகளை வைக்கிறேன். ஒன்று, கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் தாம் ஆராய்ந்த திட்டத்தில் வகுப்பறையிலிருந்து வெளியே போனது என்ன, அதை யார் பயன்படுத்தினார் என்று சொல்ல வேண்டும். பதில் இல்லை என்றால் அதுவும் ஒரு முடிவே; அதையும் பதிவு செய்வோம். இரண்டு, தொடர்புப் பணிக்கென்று ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒதுக்கும்படி கல்வித் துறைக்கு எழுதத் தகுந்த ஒரு முன்மொழிவை நிறைவு அமர்வு உருவாக்க வேண்டும். மூன்று, பிள்ளைகளின் தரவைக் காக்கும் எளிய விதிகளை, ஒரே பக்கத்தில், தலைமையாசிரியர் அறையில் ஒட்டக்கூடிய அளவில் தமிழில் எழுதித் தர வேண்டும்.

இவற்றோடு ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் வெவ்வேறு மாவட்டத்து ஆசிரியர்கள் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். கலைந்து போகும் முன் உங்களுக்கு வடக்கிலோ தெற்கிலோ தொலைவிலுள்ள ஒரு பள்ளியின் ஆசிரியரோடு பேசி, அடுத்த சம இரவு நாளுக்கு இணையாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர்க் குச்சி, ஒரு தூக்குக்குண்டு, ஒரு குறுஞ்செய்தி, செலவு அவ்வளவுதான். அடுத்த கருத்தரங்கில் நீங்கள் படிக்கும் கட்டுரைகளில் உங்கள் பிள்ளைகள் எடுத்த எண்கள் இருக்கட்டும்.

முதல் அமர்வுக்கு நேரமாகிவிட்டது. கருத்தரங்கைத் தொடங்கிவைத்து அமைகிறேன்.