எந்தச் சுற்றில் விண்ணப்பிப்பது?

(அனகாபுத்தூரில் மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களை விட்டுத் தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர்ப் பகுதிகளில் குடியேறிய சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், மூன்று நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் எம்.பி.ஏ. படிக்க எண்ணுகின்றனர். வீட்டில் முதலில் எழும் வினா 'எந்தக் கல்லூரி?' என்பதே. 'எந்தச் சுற்று?' என்பது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

பொறியியல் கலந்தாய்வில் சுற்று என்பது மதிப்பெண் வரிசைப்படி பிறர் வகுத்துத் தருவது. இங்கோ அதனை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் முதற்சுற்று செப்டம்பரிலும், இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்திலும், மூன்றாம் சுற்று பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலும் முடிவடையும். ஹார்வர்டில் இரண்டே சுற்றுகள். ஐதராபாத்தின் ஐ.எஸ்.பி.யில் வகுப்பு ஏப்ரலில் தொடங்குவதால், ஜனவரியில் விண்ணப்பிப்பவருக்கு முடிவு வந்தபின் எஞ்சுவது சில வாரங்களே.

அந்தச் சில வாரங்களில் பணத்திற்கு எங்கே போவது? உதவித்தொகையின் பெரும்பகுதி முதல் இரு சுற்றுகளிலேயே பங்கிடப்பட்டுவிடுகிறது. கடனுக்கும் காலம் வேண்டும். ஏழரை இலட்சத்திற்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு ஈடு கேட்பது பொதுத்துறை வங்கிகளின் பொது வழக்கம்; பெயர்பெற்ற சில கல்லூரிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஊரில் நிலம் இருக்கிறதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் விளைநிலத்தை ஈடாக ஏற்கப் பல வங்கிகள் தயங்குகின்றன. அதுவும் அண்ணன் தம்பியர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்துவிட்டால் பேச்சே இல்லை. ஆகவே அனகாபுத்தூர் வீடுதான் ஈடாகும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட வரைபட அனுமதி, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் வருகை என்று ஒவ்வொன்றும் நாளை விழுங்கும். அமெரிக்கா செல்வோர் செலவுக்குப் பணம் உண்டு என்று காட்டினால்தான் கல்லூரி ஐ-20 படிவம் தரும். அதன் பின்னரே விசா நேர்காணல். மே மாதத்தில் இடம் பெற்று, ஆகஸ்டுக்குள் இவ்வளவையும் முடிப்பது கடினம். கடன் வாங்கியே படிக்க வேண்டிய குடும்பத்திற்கு மூன்றாம் சுற்று உகந்ததன்று. ஓராண்டு காத்திருந்து முதற்சுற்றில் விண்ணப்பிப்பதே மேல்.

அதற்காக, முதற்சுற்றே எவருக்கும் சிறந்தது என்ற பேச்சும் பாதி உண்மைதான். ஜிமேட் தேர்வை மீண்டும் எழுதக் குறைந்தது 16 நாள் இடைவெளி வேண்டும். ஆகஸ்டு நடுவில் முதன்முறை எழுதி மதிப்பெண் குறைந்தவர், செப்டம்பர்த் தொடக்கத்தில் மூடும் வாயிலுக்கு விரைவதில் பயனில்லை. தேறிய மதிப்பெண்ணோடும், தம் பணியை நன்கறிந்த மேலாளரின் பரிந்துரையோடும் இரண்டாம் சுற்றில் நுழைபவரே வலியவர். பாவு ஓட்டாமல் ஊடை கோக்க இயலாது என்பதை நெசவூராகிய அனகாபுத்தூரில் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்னொன்று. தசலட்சண பருவமும் முதற்சுற்றும் சில ஆண்டுகளில் ஒன்றாக வந்து நிற்கும். 2025இல் ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 6 வரை பருவம். ஹார்வர்டின் முதற்சுற்று முடிவடைந்தது செப்டம்பர் 3. பகலில் அலுவலகம், மாலையில் ஆலயம், இரவில் விண்ணப்பக் கட்டுரை என்றால் எதுவும் உருப்படியாக அமையாது. கூலிக்குக் கட்டுரை எழுதித் தருவோரை நாடுவதும் அந்த அவசரத்தில்தான். உத்தம ஆர்ஜவத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்த இரவில் அது பொருந்துமா? கட்டுரைகளை ஆடி மாதத்திலேயே முடித்துவிட்டால் பத்து நாளும் நோன்புக்கு உரியனவாகும்.

இன்றிலிருந்து செப்டம்பருக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் உள்ளன. பிள்ளை ஜிமேட்டுக்குப் படிக்கட்டும். பெற்றோர் வீட்டுப் பத்திரங்களை எடுத்து, பெயரும் அளவும் பட்டாவோடு ஒத்துள்ளனவா என்று பார்க்கத் தொடங்கலாம். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம்.