மேசையிலுள்ள வேலையும் கணனி மொழியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாவியில் தோணி இறக்குபவன், எந்த மீனுக்குப் போகிறோம் என்பதை எண்ணிய பின்னரே வலையை எடுக்கிறான். இறாலுக்கு ஒரு வலை; பெருமீனுக்கு வேறொரு வலை. கணனி மொழியும் அவ்வாறே. “ஐயா, எந்த மொழியை முதலில் படிக்கலாம்?” என்று கேட்கும் இளைஞர்களிடம், “தம்பி, உன் மேசையில் கிடக்கும் வேலை யாது?” என்றே நான் திருப்பிக் கேட்பதுண்டு.

முப்பது ஆண்டுகள் கந்தோரில் இலிகிதராக இருந்தவன் நான். ஒரே பெயரை மூன்று இடாப்புகளில் எழுதி, ஒரே தொகையை மும்முறை கூட்டிக் களைத்திருக்கிறேன். இத்தகைய வேலைகளைக் கணனியிடம் ஒப்படைக்க உதவும் மூன்று மொழிகளைப் பற்றி மட்டும் இன்று கூற விரும்புகின்றேன்.

முதலாவது வி.பி.ஏ. இது 1993ஆம் ஆண்டு முதல் எக்செலுக்குள்ளேயே அமைந்திருப்பது. புதிதாக எதனையும் நிறுவ வேண்டியதில்லை. நாம் ஒருமுறை செய்து காட்டுவதை மக்ரோவாகப் பதிந்தும் கொள்ளும். வேலை முழுவதும் எக்செல் ஏட்டுக்குள் அடங்குமாயின் இதுவே போதும். எனினும் ஒரு குறையுண்டு: நிரல் எழுதும் சாளரத்தில் யூனிகோட் தமிழை இட்டால் அது கேள்விக்குறிகளாகிவிடும்.

இரண்டாவது ஜாவாஸ்கிரிப்ட். 1995இல் இணையப் பக்கங்களுக்கெனத் தோன்றியது. கூகிள் விரிதாளிலும் படிவங்களிலும் வேலை செய்வோர், அம்மொழியிலேயே எழுதப்படும் அப்ஸ் ஸ்கிரிப்டைக் கொண்டு கடிதங்களைத் தாமாக அனுப்பச் செய்யலாம்.

மூன்றாவது பைதன். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட இது விலையின்றிக் கிடைப்பது. எக்செல் ஏடு, மின்னஞ்சல், இணையப் பக்கம் ஆகிய அனைத்தையும் ஒரே மொழியால் ஆளலாம். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் தமிழ் எழுத்துகளை இயல்பாகவே ஏற்கிறது. நம் நாட்டு உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் பைதனே கற்பிக்கப்படுவதால், ஐயம் கேட்க ஊரிலேயே ஆசிரியர் கிடைப்பர். ஆகவே, வேலை எக்செலுக்கு வெளியே போகுமாயின் பைதனில் தொடங்குங்கள் என்பேன்.

ஆனால் மொழியைத் தெரிந்துகொள்வதோடு கடமை முடிவதில்லை. நானிருந்த கந்தோர் ஒன்றில், உதவி பெறுவோர் பட்டியலை ஒப்பிட ஓர் இளைஞர் நிரல் எழுதினார். அது பிழையின்றி ஓடியது. ஆயினும் படுவான்கரைத் தாயார் ஒருவரின் பெயர் ‘இல்லை’ என்று வந்தது. அவர் இருமுறை வாவி கடந்து வந்து வெறுங்கையோடு திரும்பினார். பிறகே காரணம் புலப்பட்டது: பழைய ஏட்டிலிருந்து ஒட்டிய சில வரிகள் பாமினி எழுத்தில் இருந்தன. பாமினியில் ‘அம்மா’ என நாம் காண்பது, கணனிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிந்த இரு பெயர்கள் கணனிக்கு வெவ்வேறாயின. நிரல் சொன்னதை நாங்கள் நம்பினோம். எதிரே நின்றவரைக் கேட்கவில்லை. அந்தத் தவறு இளைஞருடையது மட்டுமன்று, என்னுடையதுமாகும்.

ஆதலால் நான்கு வழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். பழைய ஏடுகளை முதலில் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். மூல ஏட்டைத் தொடாது பிரதியிலேயே நிரலை ஓட்டுங்கள். ‘இல்லை’ என்று வந்த பெயர்களை ஒவ்வொன்றாக மனிதக் கண்ணால் பாருங்கள். நிரல் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். நீங்கள் இடமாற்றம் பெற்றுச் சென்றாலும் அடுத்தவர் அதனைப் புரிந்துகொள்வார்.

பெரியோர்களே! எந்த இடாப்பில் எந்தப் பிழை நேரும் என்பது உங்களுக்கே தெரியும். அதனை இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இளைஞர்களே! மூன்று மொழிகளையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஒரு மொழி, ஒரு வேலை, ஆறு மாதம். மிஞ்சும் நேரத்தை, கந்தோர் வாங்கில் காத்திருக்கும் மனிதரை விசாரிப்பதற்குச் செலவிடுங்கள். அதற்காகவே இக்கல்வி.