பாலையிற் கிடக்கும் திமிங்கிலங்கள்
(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



எகிப்தின் தலைநகராகிய கெய்ரோவுக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய 150 கிலோமீற்றர் தொலைவில், நீரும் நிழலுமற்ற மணல்வெளியொன்று உண்டு. அதனை 'வாதி அல்-ஹிதான்' என்பர். திமிங்கிலப் பள்ளத்தாக்கு என்பது பொருள். பாலைவனத்திலே திமிங்கிலமா என நாம் நகைக்கலாம். ஆயின் பெயர் பொய்யன்று. நூற்றுக்கணக்கான திமிங்கிலங்களின் எலும்புகள் அங்கே கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீட்னெல் என்னும் புவிச்சரிதவியலாளர் அவற்றைக் கண்டறிந்தார். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தாபனம் அவ்விடத்தை உலக மரபுரிமையாக ஏற்றது.

ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தெதிசு என்னும் பழங்கடல் வட எகிப்தை மூடியிருந்தது. இறந்த திமிங்கிலங்கள் அதன் அடியிலே வீழ்ந்தன. சேறும் மணலும் அவற்றை மூடின. பின்னர் கடல் விலகிற்று; காற்று மண்ணை அரித்தது; புதைந்தவை வெளிப்பட்டன.

அவற்றுட் பெரியதன் பெயர் பசிலோசோரசு. 'பல்லிகளின் அரசன்' என்பது அதன் பொருள். திமிங்கிலத்துக்குப் பல்லியின் பெயர் வந்ததெப்படி? அமெரிக்காவிற் கிடைத்த இவ்வினத்து எலும்புகளைக் கண்ட ஹார்லன் என்பார், 1834இல் அதனைக் கடல்வாழ் ஊர்வனவென்று கருதி அப்பெயரிட்டார். 1839இல் இலண்டனில் அதன் பற்களை ஆராய்ந்த ரிச்சார்ட் ஓவன், அவை இரட்டை வேருள்ள முலையூட்டிப் பற்கள் என நாட்டினார். ஹார்லனும் அதனை ஒப்புக்கொண்டார். முதலில் இட்ட பெயரே நிற்கவேண்டுமென்ற விதியாற் பெயர்மட்டும் மாறவில்லை.

திமிங்கிலம் முலையூட்டியே என்பதில் இன்று எவர்க்கும் ஐயமில்லை. திருகோணமலைக் கடலில் மூச்செடுக்க மேலெழும் திமிங்கிலத்துக்கும் நமக்குப் போல நுரையீரலே உண்டு. அது கன்றீன்று பாலூட்டுகின்றது. மீன் வாலைப் பக்கவாட்டில் வீசும்; திமிங்கிலமோ மேலுங்கீழுமாக வீசும். நிலத்திலே நாலுகாற் பாய்ச்சலில் ஓடும் விலங்கின் முதுகு வளையும் முறை அதுவே. ஆயின் தரையில் நடந்த விலங்கு கடல் புகுந்ததற்குச் சான்று எங்கே?

சான்று அந்தப் பாலையிலே கிடந்தது. 15 மீற்றருக்கு மேல் நீண்ட பசிலோசோரசின் உடலிலே ஒரு மீற்றரும் இல்லாத சிறு பின்னங்கால்கள் இருந்தன. முழங்கால், கணுக்கால், விரல்கள் யாவும் அவற்றில் அமைந்திருந்தன என்பதை ஜிஞ்சரிச்சும் அவர்தம் தோழரும் 1990இல் வெளியிட்டனர். அவ்வுடலைத் தாங்கி நடக்க அக்கால்கள் உதவா. ஆயினும் முன்னோர் நடந்தனர் என்பதை அவை காட்டின.

அம்முன்னோர் யாவர்? 1859இல் டார்வின், வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடியை எடுத்துக்காட்டி, அத்தகைய விலங்கு திமிங்கிலம்போலாகலாம் என எழுதினார். பலர் நகைத்தனர்; பிந்திய பதிப்புகளில் அப்பகுதியை அவர் சுருக்கிவிட்டார். பின்வந்த அறிஞர் பலர், ஜிஞ்சரிச் உட்பட, குளம்புடைய பழைய ஊனுண்ணி இனமொன்றே முன்னோர் என்றனர். உயிரணுக்களின் மரபுப் பொருளை ஆராய்ந்தோரோ, நீர்யானையே நெருங்கிய உறவென்றனர். வழக்கு நீண்டது.

2001இல் ஜிஞ்சரிச் குழுவினர், பாகிஸ்தானிற் கிடைத்த பழந்திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பை வெளியிட்டனர். அது இருமுனையும் கப்பிபோல் அமைந்திருந்தது. மாடு, ஆடு, மான், நீர்யானை ஆகிய இரட்டைக் குளம்பினங்களுக்கே அவ்வமைப்பு உரியது. ஜிஞ்சரிச் தம் பழைய கொள்கையைக் கைவிட்டார். தமக்கு எதிரான சான்றைத் தாமே தோண்டியெடுத்துத் தாமே உலகுக்கு அறிவித்தார்.

அன்பர்களே, திமிங்கிலத்தின் கூர்ப்பு வியப்புக்குரியதே. ஆயினும் அதனினும் பெரிய பாடம் இதுவென நாம் எண்ணுகின்றோம். விவாத மேடையில் எடுத்த கட்சியை இறுதிவரை காப்பதையே நாம் பயில்கின்றோம். அது நாவன்மையை வளர்க்கும்; உண்மையை வளர்க்குமா? எதிர்க்கட்சியார் கையிலே மெய்யான சான்றைக் கண்டவிடத்து, 'உங்கள் பக்கமே சரி' என்று சொல்லவும் நாம் பழகவேண்டாமா? இளையோர்க்கு அது கடினம். வயதும் மதிப்பும் வளர்ந்தோர்க்கு இன்னுங் கடினம். ஹார்லனும் ஜிஞ்சரிச்சும் அவ்வாறு சொன்னமையால் அவர்கள் பெயர் தாழவில்லை. இம்மன்றத்திலும் அவ்வழக்கம் வேரூன்றுமாக.