மிர் – ஒரு சொல், இரு பொருள்



'மா' என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், ஒரு மாணவன் மாமரம் என்பான்; இன்னொருவன் விலங்கு என்பான்; மற்றொருவன் பெரிய என்பான். மூன்றும் சரியே. ரஷ்ய மொழியிலும் இப்படி ஒரு சிறு சொல் உண்டு. அது 'மிர்'. அமைதி என்பது ஒரு பொருள். உலகம் என்பது மற்றொரு பொருள்.

இது பழைய ஸ்லாவியச் சொல். அன்புக்குரிய என்னும் பொருளுடைய 'மீல்' என்ற சொல்லுக்கு இது உறவு என்பர் மொழிநூலார். ஒற்றுமையாய் வாழ்வது அமைதி. அவ்வாறு கூடி வாழ்வோர் ஊரார். ரஷ்யக் குடியானவர்களின் ஊர்ச் சமூகத்துக்கும் 'மிர்' என்றே பெயர். ஊரார் என்பது எல்லா மக்களையும் குறிக்க விரிந்தபோது, அது உலகம் ஆயிற்று என விளக்குவர்.

அண்டை மொழிகளைப் பார்ப்போம். உக்ரேனியம், பல்கேரியம், செர்பியம் ஆகியவற்றில் இச்சொல் இன்று அமைதியையே குறிக்கிறது. உலகத்துக்கு உக்ரேனியர் 'ஸ்வித்' என்பர். செர்பியர் 'ஸ்வெத்' என்பர். ரஷ்ய மொழியிலோ 'ஸ்வெத்' என்றால் பெரும்பாலும் ஒளி!

ரஷ்யர் முன்பு இரு பொருளையும் எழுத்தால் பிரித்தனர். இகர ஒலிக்கு அவர்களிடம் இரண்டு எழுத்துகள் இருந்தன. அமைதிக்கு ஒன்று, உலகத்துக்கு மற்றொன்று. 1918ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் ஒன்று நீங்கியது. அதனால் ஒரு குழப்பமும் வந்தது. டால்ஸ்டாயின் பெரிய நாவலின் பெயர் 'போரும் அமைதியும்'. மாயகோவ்ஸ்கி 1917இல் வெளியிட்ட கவிதையின் பெயர் 'போரும் உலகமும்'. எழுத்து நீங்கியபின் இரு தலைப்பும் ஒன்றாகிவிட்டன! டால்ஸ்டாயும் உலகத்தையே கருதினார் என்று நம்பினோர் உண்டு. 1868-69ஆம் ஆண்டுகளில் வந்த முதற்பதிப்பின் தலைப்பில் அமைதிக்குரிய எழுத்தே உள்ளது.

1986இல் விண்ணில் ஏவப்பட்டு, 2001இல் தென் பசிபிக் கடலில் வீழ்த்தப்பட்ட விண்வெளி நிலையத்தின் பெயரும் 'மிர்' தான். அமைதியா, உலகமா? இரண்டும் பொருந்தும்.

நமக்கு இதில் என்ன பாடம்? 1978இல் தமிழ்நாட்டில் செய்த சீர்திருத்தம் ணா, னை போன்ற சிலவற்றின் வடிவத்தை மட்டுமே மாற்றியது, எழுத்தைக் குறைக்கவில்லை. லகர, ளகர, ழகரங்களை ஒன்றாக்கினால் பிள்ளைகளுக்குச் சுமை குறையுமே என்று சிலர் கேட்கிறார்கள். வலி, வளி, வழி மூன்றும் ஒன்றானால், நோவையும் காற்றையும் பாதையையும் எப்படிப் பிரித்தறிவோம்? ஆகவே வகுப்பிலும் வீட்டிலும் அம்மூன்றையும் தெளிவாக ஒலித்துப் பழக்குவோம்.